பெட்டிக்குள் ஒரே ஒரு ஓட்டு

"செத்துப்போன தொகுதிக்கு விருந்து வைக்கிற ஊரை இப்பத்தான் பாக்கறேன், பாஸ்," என்றாள் ஒலேனா. "கருமாதிக்கு வான்கோழியா?"

நெல்ஸ் யோர்கன்சன் காரை மண்டபத்தின் பின்பக்கம் நிறுத்தினான். சொந்த ஊருக்குள் துப்பறிய வருவது அவனுக்குப் பிடிக்கவில்லை. மாமியார் வீட்டில் ஜப்தி செய்யப் போன அமீனா மாதிரி இருந்தது அவன் முகம்.

வில்லோ ஃபெர்ரி தொகுதி அந்த இலையுதிர் காலத்தில்தான் உயிரை விட்டது. மாகாண அரசாங்கம் வரைபடத்தில் இரண்டு கோடு கிழித்து, அதை மூன்று துண்டாக்கிப் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பங்கு போட்டுவிட்டது. ஊர்க்காரர்கள் ஒரு மூச்சு அழுதுவிட்டு, வருடாவருடம் நடக்கும் அறுவடை விருந்தையே தொகுதிக்கு வழியனுப்பு விருந்தாக மாற்றிவிட்டார்கள். இன்று மாலை விருந்தில், கமிட்டித் தலைவர் பெட்ரோ ஹ்ரின்சுக் தொகுதியின் தேர்தல் வரலாற்றை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கப் போகிறார். வாசித்ததெல்லாம் திங்கட்கிழமை பித்தளைத் தகட்டில் ஏறி, மண்டபச் சுவரில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.

அங்கேதான் சிக்கல். 1952ஆம் வருடத்துக்கு வரும்போது பெட்ரோ யார் பேரை வாசிப்பார் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். வென்டல் ஆஸ்க்யூ. ஓட்டுப் போட மாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறியவர். அவருடைய மகள் ஹேசல் நேற்று நகரத்துக்கு வந்து நெல்ஸின் ஆபீசில் உட்கார்ந்து அழுத அழுகையில்தான் அவன் இந்தக் கேஸை எடுத்தான். "அப்பா செய்யலங்க. தகட்டுல ஏறிட்டா, அவர் செத்தப்புறமும் அது செவுத்துல நிக்கும்," என்றாள்.

நெல்ஸ் தலையாட்டினானே தவிர நம்பவில்லை. பதினொரு வயதிலிருந்து அவனுக்கும் வென்டல் என்றால் வாக்கு மாறியவர்தான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க பாஸ்," என்றாள் ஒலேனா, கதவைச் சாத்திக்கொண்டே. "நான் டவுன்ல பொறந்தவ. ஊரே சேர்ந்து ஓட்டுப் போடாம இருந்துச்சா?"

"ஆத்துக்குக் கிழக்கால இருக்கிற எங்க சாவடி மட்டும். அன்னிக்குப் பேய் மழை. ரோடெல்லாம் முழங்கால் சேறு. பாதிப் பேர் விவசாயிகள் கட்சி, பாதிப் பேர் கடைக்காரர்கள் கட்சி. நீ போனா உன் ஓட்டு, நான் போனா என் ஓட்டு, ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். எதுக்கு சேத்துல குதிரையக் கொல்லணும்? அதனால எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தனோட கை குலுக்கி ஜோடி போட்டுக்கிட்டு, ரெண்டு பேருமே வீட்ல இருந்துடறது."

"சாவடியில உக்கார்ற கட்சி ஏஜெண்டுங்க?"

"அவங்களும் ஜோடி போட்டுக்கிட்டாங்க."

"அடப்பாவமே! சாவடியில யார்தான் இருந்தா?"

"எங்கம்மா. அவங்கதான் சாவடி அதிகாரி. அவங்களோட பள்ளிக்கூடம்தானே சாவடி. பேர் எழுத வேண்டிய குமாஸ்தாகூட சேத்துல மாட்டி வரல. சாயங்காலம் பெட்டியத் திறந்தா, ஒரே ஒரு ஓட்டு. வென்டலோட கடைக்காரர்கள் கட்சிக்கு. மத்த சாவடியெல்லாம் கூட்டினா ரெண்டு கட்சியும் சமம். அந்த ஒரே ஓட்டுலதான் விவசாயிகள் கட்சிக்குத் தொகுதியே போச்சு."

"போட்டது யாருன்னு உங்கம்மாவைக் கேட்டா முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு நாம?"

"கேட்டாங்க. ரகசியம் காப்பேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன்னுட்டாங்க. வென்டலைக் காட்டிக்கொடுக்காத உத்தமின்னு ஊரே கையெடுத்துக் கும்பிடுது. இன்னிக்கு விருந்துல அவங்கதான் முக்கிய விருந்தாளி." இதைச் சொல்லும்போது நெல்ஸின் குரலில் பெருமை இருந்தது. பிறகு அதை நினைத்துத்தான் அவன் அதிகம் கூசினான்.

"ஓட்டுப் போட்டவங்க பேரை எழுதற சாவடிப் புத்தகம்?"

"பெட்டியோட சீல் வெச்சுத் தலைநகருக்குப் போச்சு. மறுவருஷமே சட்டப்படி எரிச்சுட்டாங்க. பேசுற சாட்சிங்க மட்டும்தான் மிச்சம்."

முதல் சாட்சி மேடையில் மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோவுக்கு எழுபது வயது. மீசை மட்டும் ஐம்பதைத் தாண்டவில்லை. சுவரில், தொகுதியில் ஜெயித்த உறுப்பினர்கள் அத்தனை பேரும் படச் சட்டத்துக்குள்ளிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, வென்டல்தான் ஓட்டுப் போட்டார்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெட்ரோ மைக்கை விட்டுவிட்டார். அந்த ஊரில் இந்தக் கேள்வியை யாரும் யாரையும் கேட்டதில்லை. வென்டலின் முகத்துக்கு நேரே, நீ போட்டாயா என்றுகூட ஒருவர் கேட்கவில்லை. கேட்பது மரியாதைக் குறைவு. ஆகவே மிக மரியாதையாக அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். எந்தச் சாட்சியத்தின் பேரில் தன்னைத் தள்ளிவைத்தார்கள் என்பது இன்றுவரை அந்த மனிதருக்குத் தெரியாது.

"இதெல்லாம் கேக்கற விஷயமாடா?" என்றார் பெட்ரோ. குரலைத் தாழ்த்தினார். "என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஸ்கூல் வாசல் ஓரமா, சுவத்த ஒட்டி, அவனோட ரப்பர் பூட்ஸ்."

"அவரோடதுதான்னு எப்படி?"

"மேல சிவப்பு பெயின்ட்ல வளையம் அடிச்சிருப்பான்டா. டான்ஸுக்கு வந்தா வாசல்ல எல்லா பூட்ஸும் ஒண்ணாக் கெடக்கும், மாறிப் போவும்னு. அந்த சேத்துல, பூட்ஸைக் கழட்டாம எவன் உங்கம்மா ஸ்கூலுக்குள்ள கால் வைப்பான்? தோலை உரிச்சிருவாங்கல்ல!"

"பூட்ஸ் வெளிய இருந்தா ஆள் உள்ள இருக்கான்," என்றாள் ஒலேனா. "நியாயம்தான். எத்தனை மணிக்குப் பாத்தீங்க, பெரியவரே?"

"காலையில. சாவடி திறந்த கையோட."

இரண்டாவது சாட்சி சமையலறையில் இருந்தது. அகதா ஃப்ரீசன் பூசணிக்காய் அப்பங்களை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். கேள்வியைக் கேட்டதும் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"நானும்தான் பாத்தேன். ஆனா வெளிய சொல்றதில்ல."

ஊரில் எல்லோருக்கும் அவள் சொல்லியிருந்தாள் என்பது நெல்ஸுக்குத் தெரியும். "எப்ப அத்தை?"

"சாயங்காலம். சாவடி மூடறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. வாசப்படி ஓரமா, சுவத்த ஒட்டி, சிவப்பு வளையம் போட்ட பூட்ஸ்."

"பெட்ரோ மாமா காலையில பாத்ததாச் சொல்றாரே."

"அவனுக்கு வயசாச்சு, காலை எது மாலை எதுன்னு புரியறதில்ல," என்றாள் அகதா. "ஒரு அப்பம் சாப்பிடறியாம்மா? ரொம்ப எளைச்சிருக்கே."

ஒலேனா ஒன்றை வாங்கிக்கொண்டாள். அவளுக்குத் துப்பு கிடைக்காத இடத்தில்கூடத் தீனி கிடைத்துவிடும். இருவரும் பின்வாசலுக்கு வந்தார்கள். பறிக்காமல் விட்ட கோஸ் செடிகளின் மேல் காற்று வீசிக்கொண்டிருந்தது.

"சாட்சிங்க ரெண்டும் முட்டுது," என்றான் நெல்ஸ். "ஒருத்தர் பொய் சொல்றார்."

"இல்ல பாஸ். ரெண்டு பேரும் நிஜத்தைத்தான் சொல்றாங்க. ஒரே சுவர், ஒரே ஓரம், அதே சிவப்பு வளையம்." ஒலேனா அப்பத்தைக் கடித்தாள். "தனித்தனியாக் கேட்டா வென்டல் மாட்டிக்கிறார். சேத்துக் கேட்டா தப்பிச்சிடறார்."

"எப்படி?"

"ஓட்டுப் போட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பேரு, ஒரு பெருக்கல் குறி, வாங்க போங்கன்னு முடிஞ்சிடும். காலையில சாவடி திறந்ததுலேர்ந்து சாயங்காலம் மூடற வரைக்கும் உள்ள என்ன பண்ணிக்கிட்டு இருந்தார்? பென்சில் சீவினாரா? அந்த பூட்ஸ் நாள் பூரா வாசல்ல இருந்திருக்கு. அப்படின்னா அதைப் போட்டுக்கிட்டு வந்த ஆளு நாள் பூரா உள்ள இருந்திருக்கு. நாள் பூரா உள்ள இருந்தது ஒரே ஒரு..."

சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அவள் வாய் பாதி வாக்கியத்தில் மூடியதை நெல்ஸ் அன்றுதான் பார்த்தான்.

"சொல்லிடு," என்றான்.

"வேணாம் பாஸ்."

"எங்கம்மா," என்று அவனே சொன்னான். சொன்ன வாய் கசந்தது.

மண்டபத்திலிருந்து அம்மாவின் வீடு கூப்பிடு தூரம். அவன் தனியாகப் போனான். இங்கர் கண்ணாடி முன் நின்று நீலக் கோட்டில் வெள்ளி ஊசி குத்திக்கொண்டிருந்தாள். அறுபத்திரண்டு வயதிலும் முதுகு வளையாத பெண்மணி. விவசாயிகள் கட்சியின் கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் வரிசை நாற்காலி அவளுடையது.

"வந்துட்டியா? இது நேரா இருக்கா பாரு."

"அம்மா, அந்தத் தேர்தல் அன்னிக்கு உன் கால்ல இருந்தது யாரோட பூட்ஸ்?"

அவள் கை ஊசியிலேயே நின்றது. கண்ணாடியில் மகனின் முகத்தைப் பார்த்தாள். துப்பறியும் தொழிலில் நெல்ஸ் எத்தனையோ பேர் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறான். அப்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருக்கும். இன்றைக்கு எங்காவது ஓடி ஒளியலாம் போலிருந்தது.

"என் ஷூ ரெண்டும் சேத்துல போயிடுச்சு," என்றாள் கடைசியில். "வென்டல் டிராக்டர்ல வந்துக்கிட்டிருந்தான். கொண்டுபோய் விட்டான். சாயங்காலம் நீ வெறுங்காலோட சேத்துல திரும்ப வேண்டாம்னு தன்னோடதைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிட்டான். நான்தான் அவனோட ஜோடி. அன்னிக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் கை குலுக்கினோம்."

"அப்ப அந்த ஓட்டு?"

"நம்ம வேட்பாளர் ஒத்தை ரூம் பள்ளிக்கூடத்தையெல்லாம் மூடப்போறேன்னு பேசினான்டா. நம்ம கட்சிதான். ஆனா என் பள்ளிக்கூடம் போனா நீயும் நானும் எங்க போறது? உங்கப்பா செத்து அப்ப ரெண்டு வருஷம்கூட ஆகல. நாள் பூரா அந்தப் பெட்டியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு ஈ காக்கா வரல. மூடற நேரத்துல போட்டேன். ஒரு ஓட்டுல என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன்."

"வென்டல் மேல பழி விழுந்தப்ப?"

"யாரும் எங்கிட்ட வென்டல்தானான்னு கேக்கலயே. யாருன்னு கேட்டாங்க. சத்தியம்னு சொன்னேன். அவங்களா அவன்னு முடிவு பண்ணிட்டாங்க." அவள் குரல் தேய்ந்தது. "முதல் வாரமே சொல்லியிருக்கணும். ரெண்டாவது வாரம் கஷ்டமாயிடுச்சு. அப்புறம் முடியவே இல்ல."

அவன் கதவுப் பக்கம் திரும்பினான்.

"இன்னிக்கு விருந்து முடியட்டும் நெல்ஸ். ஒரே ஒரு நாள் எனக்குக் குடு. நாளைக்கு நானே போய்ச் சொல்றேன்."

ஒரு கணம் அவன் சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டான். அதுதான் அவனை உலுக்கியது. வேறு எந்தக் குற்றவாளியாவது இப்படித் தவணை கேட்டிருந்தால் சிரித்திருப்பான்.

"இன்னிக்கு பெட்ரோ மாமா வாசிச்சு முடிச்சப்புறம் நாளைக்கு நீ சொல்லி என்னம்மா ஆகப்போகுது? ஹேசல் அவங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு வர்றா. நீ சொல்லலன்னா நான் எழுந்து சொல்லணும். என்னைச் சொல்ல வைக்காதம்மா."

இங்கர் ஊசியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

மாலையில் மண்டபம் நிரம்பி வழிந்தது. வான்கோழி, மசித்த உருளைக்கிழங்கு, கோஸ் சுருள், பெரோகிக் கொழுக்கட்டை என்று நீள மேசைகள் திணறின. கதவுக்குப் பக்கத்து மேசையில் வென்டல் ஆஸ்க்யூ மகளோடு உட்கார்ந்திருந்தார். பெரிய எலும்புகளும் கொஞ்சம் சதையுமாக ஒரு நெட்டை மனிதர். அந்த மேசையில் மற்ற நாற்காலிகள் காலியாக இருந்தன. பின்னால் சுவரோரமாக ஒலேனாவும் நெல்ஸும் நின்றார்கள்.

பெட்ரோ வரலாற்றை வாசித்தார். முதல் தேர்தல், பெண்கள் ஓட்டுப் போட்ட முதல் வருடம், பஞ்ச காலம், போர்க் காலம். ஒவ்வொரு பேருக்கும் கைதட்டல். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு," என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். சிலர் திரும்பிக் கதவுப் பக்கம் பார்த்தார்கள்.

"நிறுத்து பெட்ரோ," என்று இங்கர் எழுந்தாள். "அதை நான் சொல்றேன்."

சொன்னாள். பூட்ஸ் வாங்கியதை, ஜோடி போட்டதை, பெட்டியில் போட்டதை, எந்தக் கட்சிக்கு என்பதை, எல்லாவற்றையும் வகுப்பறைக் குரலில் நிமிர்ந்து நின்று சொன்னாள். கடைசியில், "வென்டல் ஓட்டுப் போட வரவே இல்ல. அவன் வாக்கைக் காப்பாத்தினான்," என்றபோது மட்டும் குரல் உடைந்தது.

 மண்டபத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. பெட்ரோவின் முகம் சிவந்தது.

"துரோகி! எத்தனை வருஷமா எங்க எல்லாரையும் ஏமாத்தியிருக்கே! வாக்குக் குடுத்துட்டு, கட்சிக்கும் துரோகம் பண்ணிட்டு, இங்க வந்து..."

"பெரியவரே," என்று பின்னாலிருந்து ஒரு குரல் குறுக்கிட்டது. ஒலேனா. வாயில் பெரோகி இருந்ததால் ஒரு தடவை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தாள். "எனக்கு ஒரு சின்ன சந்தேகம். நீங்களும் ஜோடி போட்டுக்கிட்டு வீட்ல இருந்தவர்தானே?"

"ஆமா!"

"முழங்கால் சேறு. காலங்காத்தால. ஸ்கூல் வாசல்ல உங்களுக்கு என்ன வேலை?"

பெட்ரோ வாயைத் திறந்தார். "பால் க்ரீம் கேனை வண்டியில ஏத்த எடுத்துக்கிட்டு..."

"அன்னிக்கு க்ரீம் வண்டியே வரலயே பெட்ரோ," என்றார் முன்வரிசையில் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான். பெட்ரோ கையிலிருந்த காகிதத்தை மடித்தார்.

சமையலறை வாசலில் நின்றிருந்த அகதா ஃப்ரீசன் ஏப்ரனில் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நானும் ஓட்டுப் போடத்தான் போனேன்," என்றாள் துணிக்குள்ளிருந்து. "யாருக்கும் தெரியாமப் போட்டுடலாம்னு போனேன். வாசல்ல பூட்ஸைப் பாத்தேன். உள்ள வென்டல் இருக்கான், என்னைப் பாத்துடுவான்னு திரும்பி ஓடிட்டேன்."

நெல்ஸ் மண்டபத்தைப் பார்த்தான். ஒவ்வொரு மேசையிலும் ஒன்றிரண்டு தலைகள் தாமாகக் குனிந்தன. ஒரு கிழவர் தட்டையே பார்த்துக்கொண்டு, "நான் வேலி வரைக்கும் போனேன்," என்றார். அவர் மனைவி, "எங்கிட்ட கன்னுக்குட்டியத் தேடப் போறேன்னு சொன்னீங்களே!" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. ஊரில் பாதி அன்று கள்ளத்தனமாகக் கிளம்பியிருக்கிறது. சிவப்பு வளையத்தைப் பார்த்துப் பயந்து திரும்பியிருக்கிறது. திரும்பி வந்து, தாங்கள் செய்யத் துணிந்ததைச் செய்துவிட்டான் என்று, ஓட்டுப் பெட்டிப் பக்கமே போகாத ஒருவரைத் தள்ளிவைத்திருக்கிறது.

நெல்ஸுக்கு ஒரு நிம்மதி வந்தது. அம்மா தனியாக இல்லை, எல்லோரும்தான் என்கிற நிம்மதி. வந்த வேகத்திலேயே அவனுக்கு அதைக் கண்டு அருவருப்பாக இருந்தது. வென்டலுக்கு இதில் என்ன ஆறுதல்?

பெட்ரோ மேடையிலிருந்து இறங்கி, மேசைகளுக்கு நடுவே நடந்து கதவுப் பக்கம் வந்தார். கையைப் பேண்ட்டில் துடைத்து நீட்டினார்.

"வென்டல், என்ன சொல்றதுன்னே தெரியல."

வென்டல் அந்தக் கையைப் பார்த்தார். "இந்த ஊர்ல கை குலுக்கினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும் பெட்ரோ. வேண்டாம். அந்த உருளைக்கிழங்கை இப்படித் தள்ளு."

பெட்ரோ தள்ளினார். அடுத்த மேசையிலிருந்து யாரோ வான்கோழித் தட்டை நகர்த்தினார்கள். யாரோ கோஸ் சுருளை. மண்டபத்திலிருந்த பாத்திரமெல்லாம் கைமாறிக் கைமாறிக் கதவுப் பக்கம் வந்து சேர்ந்தது. கொடுத்தவர்களில் ஒருவர்கூட அவர் கண்ணைப் பார்க்கவில்லை. இத்தனை காலம் கோபத்தில் பார்க்காதவர்கள் இப்போது வெட்கத்தில் பார்க்கவில்லை. அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

இங்கர் மட்டும் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு அவர் எதிரில் வந்து நின்றாள். உட்காரவில்லை.

"மேபெல் செத்தப்ப," என்றார் வென்டல், தட்டிலிருந்து தலையை எடுக்காமல், "என் பொண்டாட்டி அடக்கத்துக்கு இந்த ஊர்லேர்ந்து நீ ஒருத்திதான் வந்தே. குழி ஓரமா நின்னு அழுதே. வந்தியேன்னு இத்தனை நாளும் உன்னை நெனச்சு நன்றியா இருந்தேன். இப்ப சொல்லு இங்கர். அன்னிக்கு நீ அழுதது அவளுக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிடு அம்மா, என்று நெல்ஸ் மனசுக்குள் கெஞ்சினான். அது ஒன்றையாவது அந்த மனிதருக்கு விட்டுவை.



"இல்ல வென்டல்," என்றாள். "எனக்காகத்தான் அழுதேன்."

வென்டல் தலையாட்டினார். முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, காலால் எதிர் நாற்காலியை வெளியே தள்ளினார்.

"உக்காரு," என்றார். "நீ எங்கிட்ட சொன்ன முதல் நிஜம் இது."

அவள் உட்கார்ந்தாள்.  கேஸ் முடிந்துவிட்டது. துப்பறிந்தவன் சுவரில் சாய்ந்து, ஊராரோடு ஊராராகத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.